கயிற்றுக்கு வெளியே

‘இறுதிச்சுற்று’ படத்தைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தால் மாணவிகள் முதலில் சொல்வது கடைசிக் காட்சியைத்தான். உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ரஷ்ய வீராங்கனையை வீழ்த்திய மதி, ஓடிவந்து பயிற்சியாளர் பிரபுவின் மேல் தாவிக் கட்டிக்கொள்கிறாள். “அந்த இடத்தில் அழுதுட்டேன் மேடம்” என்று யாராவது ஒருத்தி சொல்லாமல் இருந்ததில்லை. அந்த அழுகையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி ஜெயிப்பதை நம் திரையில் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்? ஆனாலும் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஜெயித்த கணத்தில் அவள் போய்ச் சேரும் இடம் ஓர் ஆணின் தோள். படம் தொடங்கியது அவருடைய அவமானத்தில், முடிவது அவருடைய மீட்சியில். நடுவில் அவள் வாங்கிய அடிகள் எல்லாம் அவர் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன.

குத்துச்சண்டையைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணின் வாழ்க்கை உண்மையில் எப்படி நடக்கிறது, அதிலிருந்து நம் படங்கள் எதை எடுத்துக்கொள்கின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதுதான் இங்கே என் கேள்வி. மேடையில் எதிரே நிற்பவளோடு நடக்கும் சண்டை சில நிமிடங்களில் முடிந்துவிடும். அணித் தேர்வு, எடைப்பிரிவு, வேலை, பிள்ளைப்பேறு, சங்க நிர்வாகியின் கையெழுத்து என்று கயிற்றுக்கு வெளியே நடக்கும் சண்டைதான் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இந்த இரண்டாவது சண்டை நடப்பதை நம் படங்கள் அறியாமல் இல்லை. அதையும் போட ஓர் ஆணை அனுப்பிவிடுகின்றன என்பதுதான் என் புகார்.

சுதா கொங்கரா இயக்கி 2016 ஜனவரியில் வெளிவந்த ‘இறுதிச்சுற்று’ பல வகைகளில் நேர்மையான படம். நடிகைக்குச் சில மாதம் பயிற்சி கொடுத்து வீராங்கனையாக்காமல், உண்மையிலேயே சண்டைக் களம் கண்ட ரித்திகா சிங்கைத் தேடிப் பிடித்தது பெரிய காரியம். தேசிய விருதுக் குழுவின் சிறப்புக் குறிப்பும் அவருக்குக் கிடைத்தது. இதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன் மேரி கோமின் வாழ்க்கையை இந்தியில் எடுத்தவர்கள், மணிப்பூரின் கோம் பழங்குடிப் பெண்ணாகப் பிரியங்கா சோப்ராவை நிறுத்தினார்கள் என்பதை நினைத்தால் இதன் அருமை தெரியும். மதியைப் பயிற்சிக்கு வரவைக்கப் பிரபு அவளுக்குப் பணம் கொடுக்கிறார். ஏழைப் பெண் விளையாடப் போனால் அன்றைய கூலி போகும் என்பதைப் புரிந்துகொண்ட காட்சி அது. அக்கா லக்ஸ் குத்துச்சண்டை பழகுவது விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை வாங்குவதற்காக. இதுவும் அப்படியே உண்மை. ஆனால் இருப்பது ஒரே நாற்காலி என்று காட்டி, அக்காவைப் பொறாமைக்காரியாக்கித் தங்கைக்குத் தீங்கு செய்ய வைத்தபோது படம் பழைய பாதைக்குத் திரும்பிவிடுகிறது. நாற்காலி ஏன் ஒன்றே ஒன்று இருக்கிறது என்று அது கேட்பதில்லை.

மதியின் கோபத்தைப் படம் பார்க்கும் விதத்திலும் எனக்குத் தயக்கம் உண்டு. மீன் விற்கும் பெண்ணின் முரட்டுத்தனம் பட்டை தீட்டப்படாத கல் என்றும், தீட்டுவதற்கு வெளியிலிருந்து ஒருவர் வர வேண்டும் என்றும் அது நினைக்கிறது. நான் வசிக்கும் ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து கிழக்கே நடந்தால் சிறிது நேரத்தில் பட்டினப்பாக்கம் கடற்கரை வந்துவிடும். அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை போகும் லூப் சாலையோரத்தில் மீன் விற்ற பெண்கள், 2023 ஏப்ரலில் கடைகளை அகற்ற அதிகாரிகள் வந்தபோது சாலையில் இறங்கி மறித்தார்கள். தாங்கள் யாரை எதிர்க்கிறோம், எதற்காக எதிர்க்கிறோம் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. எந்த வாத்தியாரும் வந்து அவர்கள் கோபத்துக்கு ஒழுங்கு கற்றுத்தரவில்லை. மதியின் சொந்தக்காரிகள் என்று நான் நினைப்பது இவர்களைத்தான். படத்தின் மதிக்கோ, தன் கோபம் எங்கே போய் விழ வேண்டும் என்பதைக்கூடப் பிரபு சொல்லித் தர வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கனமான சிக்கல் கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பிரபு ஏன் சென்னைக்கு வருகிறார்? பயிற்சிக்கு வந்த பெண்ணிடம் தவறாக நடந்தார் என்று அவர்மேல் பொய்ப் புகார் சுமத்தித் தண்டனையாக இடமாற்றுகிறார்கள். அதாவது, பெண்கள் குத்துச்சண்டையைப் பற்றித் தமிழில் வந்த முக்கியமான படத்தில், பாலியல் புகார் என்பது முதலில் ஒரு நல்ல ஆணுக்கு எதிரான சதியாக அறிமுகமாகிறது. நிர்வாகியின் அத்துமீறலைப் படம் பிறகு காட்டத்தான் செய்கிறது. ஆனால் பார்வையாளரின் அனுதாபம் அதற்குள் குடியேறிவிட்டது. புகார் சொன்ன பெண்ணின் முகம் யாருக்கும் நினைவில் இருக்காது. பிரபுவின் முகம் இருக்கும்.

இந்தத் தேர்வு வெறும் திரைக்கதை உத்தி என்று என்னால் கடந்துபோக முடியவில்லை. காரணம், இதே சென்னையில் நடந்த ஒன்று. துளசி ஹெலன் சென்னையின் தலித் குடும்பத்திலிருந்து வந்த குத்துச்சண்டை வீராங்கனை. 2011இல் மாநிலக் குத்துச்சண்டைச் சங்க நிர்வாகி ஒருவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் எழுந்தது, காவல் துறை அவரைக் கைது செய்தது. அந்தப் புகாரின் பின்னால் நின்றவர் துளசி. அவர் வாழ்க்கையை நார்வேயைச் சேர்ந்த பியாத்தே ஹோஃப்செத், சூசன் ஓஸ்திகார்ட் என்ற இரு பெண்கள் ‘லைட் ஃப்ளை, ஃப்ளை ஹை’ என்ற ஆவணப்படமாக எடுத்தார்கள். லைட் ஃப்ளை என்பது 48 கிலோ எடைப்பிரிவின் பெயர். 2013இல் வெளிவந்த அந்தப் படம் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் விருது பெற்றது. சாதி, வறுமை, கல்யாணம் பண்ணிக்கொள் என்ற வீட்டின் நெருக்கடி ஆகியவற்றிலிருந்து வெளியேறத் தன்னிடம் இருப்பது கைகள் மட்டுமே என்று நம்பிய ஒரு பெண்ணை அதில் பார்க்கிறோம். அந்த வாசலிலும் ஓர் ஆண் நிற்கிறான், கட்டணம் கேட்கிறான்.

2013இல் இன்னொன்றும் நடந்தது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் வந்தது. பணியிடம் எது என்று வரையறுக்கும் பகுதியில் விளையாட்டுப் பயிற்சி நிலையம், விளையாட்டரங்கம், போட்டி நடக்கும் இடம் ஆகியவற்றை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மாணவிகள் இந்த வரியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வீராங்கனை ஒரு தொழிலாளி, விளையாட்டரங்கம் அவள் வேலை செய்யும் இடம் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்று ஆண்டு கழித்து வந்த நம் படம், பொய்ப் புகாரில் கதையைத் தொடங்கியது. உண்மையில் நம் ஊரில் புகார் கொடுத்த பெண் ஒருத்தி இருந்தாள். கதையில் அவள் இடத்தில் புகாருக்கு ஆளான ஆண் வந்து உட்கார்ந்தான்.

பெண்களுக்குச் சங்க நிர்வாகி ஏன் இவ்வளவு பெரிய ஆளாகிறார் என்பதைப் புரிந்துகொள்ள, ஆண்களின் குத்துச்சண்டை சென்னையில் எப்படி வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் அதைக் காட்டியது. வடசென்னையில் சார்பட்டா, இடியப்பன் என்று பரம்பரைகள் இருந்தன. அவற்றுக்கு வாத்தியார்கள் இருந்தார்கள், ஊரே திரண்டு வந்து பார்த்தது. அரசாங்கச் சங்கம் ஒருவனை ஒதுக்கினாலும் அவனை வீரன் என்று சொல்ல ஒரு தெரு இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் உடலைத் தாங்களே கொண்டாடிய இடம் அது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பரம்பரை என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். அது தகப்பனிடமிருந்து மகனுக்கும், வாத்தியாரிடமிருந்து சிஷ்யனுக்கும் போகிற சொத்து. ரங்கன் வாத்தியாருக்கு அடுத்து அவர் மகன் வெற்றிச்செல்வனா, சிஷ்யன் கபிலனா என்பதுதான் அங்கே கேள்வி. மகளோ மருமகளோ அந்தக் கேள்விக்குள் வரவே முடியாது.

அந்தப் படத்தில் குத்துச்சண்டையைப் பற்றி மிகத் தெளிவாகச் சிந்திப்பது கபிலனின் அம்மா பாக்கியம் என்பேன். கணவனும் குத்துச்சண்டைக்காரன். அந்தப் பெருமை அவனை அடிதடிக்கும், அடிதடி அவனைச் சாவுக்கும் கொண்டுபோனதை அவள் பார்த்திருக்கிறாள். மற்றவர்கள் ஒரு ஆட்டத்தைப் பார்க்கும்போது அவள் ஒரு முழு வாழ்க்கையைப் பார்க்கிறாள். மகன் குடியில் விழுந்த பிறகு அவனை மறுபடி மேடைக்கு அனுப்புவதும் அவள்தான். மனைவி மாரியம்மாவும் வாய் மூடிக் கிடப்பவள் இல்லை. தன் ஆசையையும் ஆத்திரத்தையும் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இருந்தும் இருவருக்கும் படம் தரும் இடம் கயிற்றுக்கு வெளியேதான்.

தமிழ் படித்தவளுக்கு இங்கே நக்கண்ணையார் நினைவுக்கு வராமல் போகாது. சோழன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடினார். அவன்மேல் காதல் கொண்ட நக்கண்ணையாரின் மூன்று பாட்டுகள் புறநானூற்றில் 83, 84, 85 என்று அடுத்தடுத்து நிற்கின்றன. ஊரார் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்க, பனையோரமாக நின்று அவள் தன் கண்ணாலேயே அவன் வெற்றியைப் பார்த்துக்கொள்கிறாள். சண்டையிடும் உடலைப் பற்றிப் பெண் பேசிய மிகப் பழைய தமிழ்க் குரல்களில் ஒன்று அது. அதைக் கைக்கிளை என்று வகைப்படுத்தினார்கள். ஆண் களத்தில் நிற்கிறான், பெண் வெளியே நின்று ஒருதலையாகக் காதலிக்கிறாள் என்பது அதன் அமைப்பு. ‘இறுதிச்சுற்று’ இந்த இடங்களை மாற்றியது. பெண் மேடையேறினாள், ஆண் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தான். ஆனால் கைக்கிளையை மட்டும் படம் இடம் மாற்றவில்லை. வயதில் மூத்த பயிற்சியாளரை ஒருதலையாகக் காதலிக்கும் பொறுப்பும் மதிக்கே வந்துசேர்ந்தது. சண்டையும் அவளே போட வேண்டும், ஏங்கவும் அவளே வேண்டும். குத்துச்சண்டை பிடித்திருக்கிறது என்பதற்காகவே ஒரு பெண் குத்துச்சண்டை போடலாம் என்று நம் கதைகளால் இன்னும் நம்ப முடியவில்லை.

பரம்பரையின் வழி அடைபட்டிருந்ததால் பெண்கள் நுழைந்தது சங்கத்தின் வழியாக. அந்தக் கதவு திறந்ததும் சென்னையில்தான். முதலாவது மகளிர் தேசியக் குத்துச்சண்டைப் போட்டி 2001 பிப்ரவரியில் இங்கே நடந்தது. அதில் தங்கம் வென்றவர்களில் ஒருவர் அதுவரை அதிகம் அறியப்படாத மேரி கோம். அதே ஆண்டு நடந்த முதல் மகளிர் உலகப் போட்டியில் அவருக்கு வெள்ளி. பிறகு 2002, 2005, 2006, 2008, 2010, 2018 என்று ஆறு உலகத் தங்கங்கள். இரட்டைக் குழந்தைகள் பிறந்த மறு ஆண்டிலேயே வென்றது 2008இன் தங்கம். இதைத் தனிமனித மன உறுதியின் கதையாகச் சொல்வது எளிது. ஆனால் 2012இல் பெண்களுக்கு முதன்முறையாக ஒலிம்பிக் கதவு திறந்தபோது ஆண்களுக்குப் பத்து எடைப்பிரிவுகள், பெண்களுக்கு மூன்றே மூன்று. அவற்றில் ஆகக் குறைந்தது 51 கிலோ. 46, 48 கிலோவில் உலகை வென்ற பெண், தன்னைவிடப் பெரிய உடல்களோடு மோதுவதற்காக உடம்பை ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. லண்டனில் அவர் பெற்ற வெண்கலத்துக்குப் பின்னால் இந்த மூன்று என்ற எண் இருக்கிறது. அதற்கு முன்னால் பெண்கள் குட்டைப் பாவாடை அணிந்து ஆடினால் பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியும் என்று உலகச் சங்கம் யோசனை சொல்லி, எதிர்ப்பு வந்த பிறகு அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டதும் நடந்தது.

தொழில்முறைக் குத்துச்சண்டை வரை போய்ப் பார்த்த லைஷ்ராம் சரிதா தேவியின் வாழ்க்கை எனக்கு இன்னும் அதிகம் சொல்கிறது. மணிப்பூர்க்காரர், 2006இல் உலகச் சாம்பியன். பிள்ளை பெற்ற பிறகு திரும்பிவந்து 2014 காமன்வெல்த் போட்டியில் வெள்ளி வென்றார். அதே ஆண்டு இன்சியோன் ஆசியப் போட்டியின் அரையிறுதியில் தென்கொரியாவின் பார்க் ஜினாவை அவர் தெளிவாக வென்றதாகவே பார்த்தவர்களுக்குத் தோன்றியது. நடுவர்கள் பார்க் வென்றதாக அறிவித்தார்கள். பரிசளிப்பு மேடையில் சரிதா தன் வெண்கலத்தைக் கழுத்தில் வாங்க மறுத்து, கையில் வாங்கிக்கொண்டு போய், அழுதுகொண்டே பார்க்கின் கழுத்தில் போட்டார். உலகச் சங்கம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. மேடையில் கண்ணீரும் கோபமும் காட்டிய பெண்ணுக்குத் தண்டனை கிடைத்தது. அவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை.

இதே ஆண்டுகளில் இந்தியக் குத்துச்சண்டைக்குச் சரியான நிர்வாகமே இல்லை. தேர்தல் முறைகேடு காரணமாகப் பழைய சங்கத்தை உலகச் சங்கம் 2012 டிசம்பரில் இடைநீக்கம் செய்தது. புதிய கூட்டமைப்பு நிலைபெற 2016 செப்டம்பர் ஆயிற்று. 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து ஒரு குத்துச்சண்டை வீராங்கனைகூடப் போகவில்லை. ஒரு வீராங்கனையின் உச்ச வயதில் நான்கு ஆண்டுகள் என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். நிர்வாகிகள் திரும்பவும் தேர்தலில் நிற்கலாம். முப்பது தாண்டிய முழங்கால் திரும்ப வராது.

2017 ஜனவரியில் சரிதா தொழில்முறைக்கு மாறினார். இம்பாலில் தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஹங்கேரியின் ஸோஃபியா பெடோவை வென்றார். ஆனால் பெண்கள் தொழில்முறையில் சண்டையிட்டுப் பிழைக்க நம் நாட்டில் மேடை ஏது, காசு ஏது? சீக்கிரமே அமெச்சூர் அணிக்குத் திரும்பி, 2018 டெல்லி உலகப் போட்டியில் ஆடினார். வெளிநாட்டிலும் நிலைமை சமமில்லை. தொழில்முறைப் பட்ட ஆட்டம் ஆண்களுக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டு, பெண்களுக்கு வழக்கமாக இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெண்களின் ஆட்டம் முதன்மை ஆட்டமாக இடம்பெற 2022 வரை, கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே குத்துச்சண்டைப் பெண்ணுக்குச் சோறு போடும் தொழில் போலீஸ் வேலையோ ரயில்வே வேலையோதான். மேரி கோமும் சரிதாவும் மணிப்பூர்க் காவல் துறையில் இருந்தவர்கள். ஆகவே பதக்கம், பதக்கத்துக்கான சான்றிதழ், சான்றிதழில் ஒரு கையெழுத்து என்ற சங்கிலியில் நிர்வாகியின் பேனா கடைசிக் கண்ணியாக நிற்கிறது. பிரபு போன்ற நல்லவர்கள் பத்துப் பேர் வந்தாலும் இந்தச் சங்கிலி அறுந்துவிடாது.

பெண்ணே அதிகாரத்துக்கு வந்துவிட்டால் எல்லாம் மாறிவிடுமா? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு மேரி கோமைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 2019இல் தகுதித் தேர்வு இல்லாமலேயே அவரை ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு அனுப்பக் கூட்டமைப்பு நினைத்தபோது, தெலங்கானாவின் நிகத் ஸரீன் தேர்வு நடத்துங்கள் என்று விளையாட்டு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் தேர்வு நடந்தது. மேரி கோம் 9-1 என்று வென்றார், ஆட்டம் முடிந்து கைகுலுக்க மறுத்தார். நிகத் 2022இலும் 2023இலும் உலகச் சாம்பியன் ஆனார். அந்தக் கைகுலுக்கலை வைத்து ஊடகங்கள் ‘குழாயடிச் சண்டை’ பார்த்ததை நான் ஏற்கவில்லை. வாய்ப்பு எல்லாருக்கும் உண்டு என்று ஒரு இளம்பெண் கேட்டது சரி என்பது மட்டும்தான் எனக்கு முக்கியம்.

2023 ஜனவரியில் மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் கூட்டமைப்பின் தலைவர்மேல் பாலியல் புகார் சொல்லி டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது, விசாரிக்க அரசு அமைத்த மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் மேரி கோம். குழு அறிக்கை கொடுத்தது, ஆனால் அது பொதுவெளிக்கு வரவில்லை. நம்பிக்கையிழந்த வீராங்கனைகள் ஏப்ரலில் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். மே மாத இறுதியில் போலீஸ் அவர்களை இழுத்துப்போனதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. ஆறு முறை உலகை வென்ற கைகளுக்கு அரசு ஒரு குழுவைக் கொடுத்தது, குழுவின் சொல்லை மட்டும் தானே வைத்துக்கொண்டது. மேரி கோம் என்ற தனிமனுஷியை இதில் நிறுத்திக் கேட்பதைவிட, வெற்றி பெற்ற பெண்ணை அமைப்பு எப்படித் தன் முகமாக மாட்டிக்கொள்கிறது என்று கேட்பதே நமக்குப் பயன்படும்.

ஜெயித்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் விளையாட்டுப் படங்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கின்றன. துளசி, சரிதா, மேரி கோம், நிகத் ஆகியோரின் வாழ்க்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இந்தப் பாடம் நிற்காது. இவர்களில் அமைப்பின் போக்கை அசைத்தவை பெரும்பாலும் மேடையில் விழுந்த குத்துகள் அல்ல. காவல் நிலையத்தில் கொடுத்த ஒரு புகார், அமைச்சருக்கு எழுதிய ஒரு கடிதம், வாங்க மறுத்த ஒரு பதக்கம். இம்மூன்றையும் செய்தவர்கள் பெண்கள். எந்தப் பயிற்சியாளரும் இவற்றை அவர்களுக்காகச் செய்து கொடுக்கவில்லை. மூன்றுக்கும் அவர்கள் விலை கொடுத்தார்கள்.

தமிழில் இன்னொரு குத்துச்சண்டைப் படம் வரட்டும், நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன். அதில் புகார் எழுதும் பெண்ணின் கையை அருகில் காட்டுங்கள். அவள் பெயர் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கட்டும். அவள் சொன்னது உண்மையாக இருக்கட்டும்.